கொசு இல்லாத கடற்கரை

கேள்வி கேட்பதைத் தொழிலாக வைத்திருப்பவனைக் குடும்பத்தில் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. நான் ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறேன். அதனால் என் மாமனார் வீட்டில் ரயில் நேரம் முதல் பல் டாக்டர் வரை எல்லா விசாரணையும் என் பொறுப்பு. "மாப்பிள்ளை விசாரிச்சா அச்சு மாதிரி இருக்கும்" என்று மாமா நாலு பேர் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார், அந்தக் கடற்கரைக்குப் போகும் வரை.

மாமாவுக்குச் சிவகாசியில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கும் நாட்களில்தான் அவரிடம் வீட்டு விஷயம் பேச முடியும். அந்த வருடம் பேச வேண்டியிருந்தது என் கொழுந்தியாள் நிவேதாவின் கல்யாணம். ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் போயிருந்தார்கள். இரண்டு முறையும் எதிர்வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் சேர்ந்தது. (ஒரு அம்மா சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்.) "இனிமே வீட்டுல வச்சுப் பொண்ணு பாக்குறதுன்னா நான் ரூமை விட்டு வரமாட்டேன்" என்று நிவேதா சொல்லிவிட்டாள்.

மூன்றாவதாக வந்தது விருதுநகர் வரன். பையன் பெயர் கார்த்திக். அவன் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று போட்டோவை வாங்கிய நிவேதா அதைத் திருப்பித் தரவில்லை. இந்தத் தகவலை என் மனைவி செல்வி ரகசியமாக எனக்குத் தந்தாள்.

"பொதுவா ஒரு கடற்கரை விடுதியில ரெண்டு குடும்பமும் சந்திக்கலாமே" என்று யோசனை சொன்னவன் நான். மாமா இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார்.

"பொண்ணும் பையனும் தனியாப் பேசுறதெல்லாம் நமக்கு ஒத்து வராது. அப்புறம், அங்கன கொசு இருக்குமான்னு கேட்டுருங்க மாப்பிள்ளை. கடிச்சு பிள்ளைக்கு முகம் வீங்கிருச்சுன்னா அவுக என்ன நினைப்பாக?"

நிவேதா வாசல் வரை பின்னாலேயே வந்தாள். "அத்தான், இதையாவது கெடுத்துராம செஞ்சு குடுங்க."

அலுவலகத்திலிருந்தே விடுதி மேனேஜருக்குப் போன் போட்டேன். "கொசு இருக்குமா?"

"கொசுவா? ஒண்ணுகூடக் கிடையாது சார்."

உறுதி செய்துகொள்ள மறுநாள் வேறொரு எண்ணிலிருந்து வேறு ஆள் போலக் கேட்டேன். அதே பதில். இரண்டு முறை உறுதி செய்யப்பட்ட தகவல் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் அதை விருதுநகருக்குச் சொன்னார்.

தூத்துக்குடிக்கு வடக்கே, பனைமரங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது விடுதி. சாயங்காலம் மணலில் மேஜை போட்டு, காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தார்கள். கடல் அமைதியாக இருந்தது. மாமா என்னைப் பார்த்து மெச்சிக்கொள்வது போலத் தலையசைத்தார். அப்போது காற்று நின்றது.

முதலில் சொறிந்தவர் வத்தல் வியாபாரி. மரியாதைக்காக மேஜைக்குக் கீழே சொறிந்தார். அடுத்து மாமா. பிறகு இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். எதுவுமே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பொடி ஊசியால் குத்துவது போல, கணுக்காலில், கழுத்தில், காது மடலில். நிவேதாவின் கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எழும்பியது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கடி இன்னும் பலமாக இருந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டேன். "கொசு இல்லேன்னு சொன்னீங்களே?"

"கொசு இல்லையே சார். இது மணல் பூச்சி. காத்து நின்னா வரும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கொசுவைத்தானே கேட்டீங்க?"

தொழிலில் இப்படி ஒரு அடி எனக்கு அதற்கு முன்னும் பின்னும் விழுந்ததில்லை. புகை போட்டால் போய்விடும் என்று அவரே தேங்காய் மட்டைகளைக் குவித்தார். "தீப்பெட்டி இருக்கா?"

"சிவகாசிக்காரவுக கிட்டப் போய்க் கேக்குறீகளே! ஊருக்கே தீ குடுக்குறவுக!" என்று வத்தல் வியாபாரி சொறிந்துகொண்டே சிரித்தார்.

மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இல்லை. செல்வியின் கைப்பையில் இல்லை. டிரைவரிடமும் இல்லை. கம்பெனி வாசலில் எல்லார் பையையும் தடவிப் பார்த்து, தீப்பெட்டியையும் செல்போனையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மாமாவும் விதிவிலக்கல்ல. அந்தப் பழக்கத்தில் குடும்பம் முழுக்கத் தீப்பெட்டியைப் பாம்புபோல் ஒதுக்கி வைத்திருந்தது. கடைசியில் சமையல்காரர் ஒன்று கொண்டுவந்தார். (அட்டையில் சிவகாசி என்றுதான் போட்டிருந்தது.)

அவர் குச்சியை உரசப் போனபோது மாமா பாய்ந்து கையைப் பிடித்தார். "பொறுங்க. மணல் வாளி எங்க?"

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். "சார், இது பூராவும் மணல்தான்."

"மணல் இருக்கு. வாளியில இருக்கா?"

கடற்கரையில் இரண்டு வாளி மணல் அள்ளி வைக்கப்பட்டது. அள்ளியவன் நான். அதோடு விடவில்லை. மாமா எல்லாருடைய துணியையும் நோட்டம் விட்டார். "நைலான், பாலியெஸ்டர் போட்டவுக யாரும் தீப்பக்கம் நிக்கக் கூடாது. தம்பி, உங்க சட்டை பளபளங்குது. அந்தப் படகு கிட்டப் போயிருங்க. ஏ நிவேதா, நீ போட்டுருக்கிறது பருத்தியா? இல்லேல்ல? நீயும் போ."

மற்ற எல்லாரும் பருத்தி, பட்டு. சற்றுத் தள்ளி மேட்டில் கவிழ்த்திருந்த படகை நோக்கி இரண்டு பேர் மட்டும் நடந்தார்கள். தன் முதல் நிபந்தனையைத் தானே உடைத்துவிட்டது மாமாவுக்குத் தெரியவில்லை. பாதுகாப்பு விதி அமலில் இருக்கும்போது அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

மட்டை புகைந்தது. பூச்சி அசையவில்லை. "இதுக்கெல்லாம் அடங்காது. நம்ம சரக்கை இறக்குவோம்" என்று வத்தல் வியாபாரி காருக்குப் போய், சாம்பிள் பையோடு வந்தார். "சும்மா கொஞ்சம்" என்று சொல்லி, இரண்டு கையாலும் அள்ளிக் கங்கில் போட்டார். அது நல்ல சரக்கு. அந்தக் கணத்தில்தான் நின்றுபோயிருந்த காற்று மறுபடி வீசத் தொடங்கியது, எங்களை நோக்கி.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு குடும்பங்களின் பெரியவர்களும் இருமிக்கொண்டு கடலுக்குள் ஓடினார்கள். பட்டுச் சேலைகள், வேட்டிகள், காலில் கிடந்த செருப்போடு நான். கழுத்தளவு தண்ணீரில் தலைகள் மட்டும் வரிசையாக மிதந்தன. யாராலும் பேச முடியவில்லை. முடிந்தபோது மாமா பேசினார். "மன்னிச்சுக்கோங்க. மாப்பிள்ளை விசாரிச்சுத்தான் சொன்னாரு."

மேட்டின் மேல் காற்று இருந்ததால் அங்கே பூச்சியும் இல்லை, புகையும் இல்லை. (காற்றடிக்கிற இடத்தில் பூச்சி தங்காது என்று மேனேஜர் பிறகு சொன்னார். கேட்டால்தான் சொல்வார்.) படகின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எங்களைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிவேதா துண்டுகளோடு கரைக்கு இறங்கி வந்தாள். கன்னம் நன்றாகவே வீங்கியிருந்தது.

"அப்பா, எனக்குச் சம்மதம்."

"என்னம்மா?" என்றார் மாமா, காதில் தண்ணீர்.

"சம்மதமாம்!" என்று வத்தல் வியாபாரியின் தலை கத்தியது. "எங்களுக்கும் சம்மதந்தான். சீர் செனத்தியெல்லாம் ஊர்ல போய்ப் பேசிக்கிடுவோம். முதல்ல அந்தத் தீயில யாராவது மணலை அள்ளிப் போடுங்கய்யா!"

இரண்டு வாளியும் தயாராக இருந்தன. அன்று திட்டப்படி நடந்த ஒரே காரியம் அதுதான்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலையோடு ஒரு கொசுவர்த்திச் சுருளும் இருந்தது. அது கார்த்திக்கின் ஏற்பாடு. விளக்கம் கேட்ட ஒவ்வொருவரையும் என்னிடம் அனுப்பினான்.

போன மாதம் நிவேதாவுக்குப் பிரசவம். டாக்டரிடம் கேட்டுவர என்னைத்தான் அனுப்பினார்கள், பழக்கதோஷம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று வந்து சொன்னேன். எல்லார் முகமும் மலர்ந்தது. மாமா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"பிரச்சினை இல்ல, சரி. வேற என்ன இருக்குன்னு கேட்டீகளா?"

எழுந்து மறுபடி உள்ளே போனேன்.