ஒரே வருடத்து ராணிக் காசுகள்

தெசே நகரில் லாரி ஓட்டும் அன்புத் தம்பி முலாத்துக்கு, அண்ணன் கெபெயெஹு எழுதுவது. நீயும் மனைவி மக்களும் லாரியும் நலமா? உன்னைக் காணாத ஏக்கம் ஒன்றைத் தவிர எங்களுக்கும் கோவேறு கழுதைக்கும் கடவுள் அருளால் ஒரு குறையும் இல்லை. இது என் சொந்தக் கையெழுத்து, மாலை வகுப்பில் கற்றது. முன்பு எனக்காக எழுதிய பாதிரியார் நடுவில் தன் இருமலையும் சேர்த்து எழுதியிருக்கிறார். என் இருமலுக்கு நீ ஏன் மருந்து அனுப்பினாய் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

செய்தி என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்த நம் மகள் ஸெனெபெச்சின் கல்யாணத்தை நிறுத்திவிட்டேன், நீ தேன் வாங்காதே, வரவும் வேண்டாம். மாப்பிள்ளையின் அப்பா அஸ்ஃபா பெண்ணுக்குப் போட வெள்ளிக் காசு மாலை கொண்டுவந்தார், எல்லாம் பரங்கி ராணி தலை போட்ட பழைய காசு. பெரியவர்கள் வழக்கம்போல ராணியின் தலையணியில் உள்ள முத்துகளை விரலால் தடவி எண்ணி, நல்ல காசு என்று சொல்லி தெல்லா பீர்க் குவளையைக் குடிக்க எடுத்துவிட்டார்கள், ஆனால் படித்தவன் நான் சும்மா விடுவேனா, கழுகு இருக்கும் பக்கத்தைத் திருப்பி வருடத்தை வாசித்தேன், 1780, அடுத்ததும் 1780, மாலை முழுக்க அதேதான். ஒரு காசு மூக்குத் தேய்ந்து கிழவியாகிவிட்டது, பக்கத்துக் காசு குமரியாகப் பளபளக்கிறது, ரெண்டும் ஒரே வருசம் பிறந்ததுன்னா நானும் என் மகளும் ஒரே நாள்ல பிறந்தோம்னு சொல்ற மாதிரி இல்லையா, எல்லாம் போலி, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்.

அஸ்ஃபா மெதுவாகத்தான் கேட்டார். “சம்பந்தி, நான் வெள்ளியைக் கொடுத்தேனா, வருசத்தைக் கொடுத்தேனா?” படிக்காத மனுசன், அவரிடம் என்ன பேசுவது. மாலையோடு போய்விட்டார். அன்றிலிருந்து ஸெனெபெச் எனக்குக் காப்பி ஊற்றுவதில்லை. அந்தப் பையனைத் தவிர வேறு எவனையும் கட்டமாட்டாளாம். போகட்டும், குடும்ப மானத்தைப் படிப்பு காப்பாற்றிவிட்டது.

புனித மைக்கேல் உன் லாரியின் எல்லாச் சக்கரங்களையும் காக்கட்டும். பிள்ளைகளின் கன்னத்தில் எனக்காக முத்தமிடு.

அண்ணன்,
கெபெயெஹு

பின்குறிப்பு: தேன் வாங்கி வா. மேலே உள்ளதை எழுதி முடித்து உன் அண்ணியிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய், நம் அப்பா அவள் கழுத்தில் போட்ட காசு மாலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “இதையும் வாசி” என்றாள். வாசித்தேன். 1780. “அப்போ என்னை முதல்ல எங்கப்பன் வீட்ல கொண்டுபோய் விடு, பொண்ணு கல்யாணத்தை அப்புறம் நிறுத்தலாம்” என்றாள். வகுப்பு வாத்தியாரிடம் ஓடினேன். அந்த ராணி செத்த வருடமாம் அது. பிறகு எத்தனை காலம் காசு அடித்தாலும் அதில் அதே வருடம்தானாம். இதை முதல் பாடத்திலேயே சொல்லியிருக்கலாம். கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, எழுத்து அத்தனை அழகாக வந்திருக்கிறது. நீ வந்ததும், தப்பு செய்தவன் மன்னிப்புக் கேட்பதுபோல, பிடரியில் கல்லைச் சுமந்து அஸ்ஃபா வாசலில் குனிந்து நிற்கப் போகிறேன். கல்லை ஸெனெபெச் தேர்ந்தெடுத்துவிட்டாள். தூக்கிவிட நீயும் வேண்டும்.