நீலப் பெட்டியும் மூன்று மணி பஸ்ஸும்

எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சொந்தக்காரர்கள் கூடினால், இலை போடுவதற்குள் யாராவது ஒருவர் அதை ஆரம்பித்துவிடுவார்கள். கதை நடந்ததுதான், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதியை நான்கு வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. சிரிக்கும்படியான பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பரப்பியவனே நான்தான் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் புள்ளியியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றபின் வீட்டில் எதையாவது அளந்துகொண்டே இருந்தேன். பால்காரர் வரும் நேரம், குழம்பில் உப்பு, மருமகன் பேச்சில் உண்மையின் விகிதம். (என்னைப் பொறுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது மிகை. வெளியே தள்ளாமல் இருந்தார்கள்.) அந்தச் சமயத்தில் ஓர் அறக்கட்டளையிலிருந்து கேட்டார்கள். ஏற்காடு மலையில் சில தொடக்கப் பள்ளிகளுக்கு அவர்கள் உதவி செய்கிறார்கள். பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதித் தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வேண்டுமாம். என் மனைவி சரோஜா, அவர்கள் பேசி முடிப்பதற்குள், "போயிட்டு வாங்க" என்றாள்.

எனக்குக் கிடைத்தது நாகலூரைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளி. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பதினாறு பிள்ளைகள். ஒவ்வொருவரும் ஒரு பத்தியை ஒரு நிமிஷத்தில் வாசிக்க வேண்டும், நான்கு கணக்குப் போட வேண்டும். நான் கட்டங்களை நிரப்ப வேண்டும். அந்தப் பள்ளிக்கு அறக்கட்டளை ஒரு ஜீப் விட்டிருந்தது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளை அதுதான் காலையில் ஏற்றிவரும், மாலையில் கொண்டுபோய் விடும். என் அறிக்கையில் பள்ளி தேறினால் ஜீப் தொடரும், தேறாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும். இதைப் பயிற்சி வகுப்பில் தெளிவாகச் சொன்னார்கள். நானும் தெளிவாக எழுதிக்கொண்டேன்.

புறப்படும் நாள் காலையில் சரோஜா ஒரு பெட்டியை என் தோளில் மாட்டினாள். நீல நிறம், வெள்ளை மூடி, தோளில் தொங்கவிடப் பட்டை. உள்ளே ஐஸ் அடைத்த பைகள்.

"மலை ஏறுனா உங்களுக்குக் கொமட்டும். கண்டதத் திங்க வேண்டாம். தயிர்ச்சோறு வச்சிருக்கறன், புளிக்காம இருக்கும்."

அடிவாரத்தில் ஆரம்பித்த குமட்டல் இருபதாவது வளைவு வரை என்னோடு வந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் நீலப் பெட்டி, கையில் பெயர்ப் பட்டியல், முகத்தில் கடுகடுப்பு. இந்தக் கோலத்தில்தான் பள்ளிக்குள் நுழைந்தேன். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். சின்ன வகுப்புப் பையன் ஒருவன் வேலியைத் தாண்டிக் காபிச் செடிகளுக்குள் ஓடிவிட்டான். 'ஒழுங்கு: குறைவு' என்று குறித்துக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை ஸ்டெல்லா டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இன்னொரு ஆசிரியை பயிற்சிக்குப் போயிருந்ததால் அன்று ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான்.

"வாங்க சார். மொதல்ல ஒரு காபி குடிங்க. புள்ளைங்களோட ரெண்டு வார்த்த பேசிட்டு அப்பறம் ஆரம்பிக்கலாங்க."

"அது விதியில இல்லம்மா. ஆசிரியர் அறைக்குள்ள இருக்கவே கூடாது. நீங்க வெளியில இருங்க."

அவர் வெளியே போனார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஏதோ சொல்ல முயன்றார். பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். (அந்தச் சமயத்தில் என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.)

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயரும் வயதும் கேட்டேன். வந்தவர்கள் எல்லோருமே வலது கையால் இடது தோளைப் பொத்தியபடி வந்தார்கள். இந்த ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருவரும் என் முகத்தையோ தாளையோ பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் மேஜைமேல் இருந்த பெட்டியிலேயே இருந்தது.

"பேரு என்ன?"

"எனக்குப் போட்டாச்சுங்க."

"என்ன போட்டாச்சு?"

அவன் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். 'கேட்ட கேள்விக்குத் தொடர்பற்ற பதில்' என்று எழுதினேன்.

அடுத்தவள் பத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதப் படிச்சா உட்டுருவீங்களா?" என்றாள். 'பேரம் பேசும் இயல்பு' என்று எழுதினேன். மூன்றாவது பிள்ளை வாயே திறக்கவில்லை. நான்காவது அழுதது. நான் கடிகாரத்தை அழுத்தினேன், நிமிஷம் முடிந்தது, பூஜ்யம் போட்டேன். பதினாறு பேரில் வாய்விட்டு வாசித்தவர்கள் இரண்டு பேர். அவர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தார்கள்.

கடைசியில் குறிப்புக்கென்று ஓர் இடம் இருந்தது. அதில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'வாசிப்புத் திறன் மிகக் குறைவு. பெயரைச் சொல்லவும் தயங்குகிறார்கள். கற்பித்தலில் அடிப்படைக் குறைபாடு.'

மதியம் ஸ்டெல்லா டீச்சர் உள்ளே சத்துணவு பரிமாறப் போனார். நான் வராந்தாவில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். தட்டோடு நின்ற பிள்ளைகள் பத்தடி தள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். டிபன் டப்பாவை எடுத்தேன், மூடியைத் திறந்தேன்.

"டேய், தயிர்ச்சோறுடா."

"ஊசி இல்லீங்களா?"

"எந்த ஊசி?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. போன வாரம் தடுப்பூசி போட நர்ஸ் வந்திருக்கிறார். தோளில் இதே நீலப் பெட்டி, கையில் பட்டியல், வெள்ளை உடை. பாதிப் பேருக்குப் போட்டுவிட்டு, மீதிப் பேருக்கு அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அடுத்த வாரத்தில்தான் நான் போய் நின்றிருக்கிறேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஓடிப்போனவன்கூடக் காபிச் செடிகளிலிருந்து வெளியே வந்தான். எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பெயர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள், என் சட்டைப்பையில் இருந்த பேனாவின் கம்பெனிப் பெயரைப் படித்துச் சொன்னார்கள். வீட்டில் சொல்லப்படும் கதை இந்த இடத்தில் முடிகிறது.

மீதி இதுதான்.

நிரப்பிய தாள் என் பக்கத்தில், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இருந்தது. எனக்கு எதிரே மெர்சி என்ற நாலாம் வகுப்புப் பெண் உட்கார்ந்திருந்தாள். காலையில் வாயே திறக்காத மூன்றாவது பிள்ளை. அந்தப் பள்ளியில் கதைப் புத்தகங்கள் குறைவு என்பதால் ஒரு புத்தகத்தைத் தரையில் விரித்து நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து படிப்பார்களாம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே பழகிய பிள்ளைக்கு எழுத்து தலைகீழாக இருப்பது ஒரு பொருட்டில்லை. மெர்சி என் தாளைத் தலைகீழாக, ஓர் இடத்திலும் தடுக்காமல் வாசித்தாள்.

"வாசிப்புத் திறன் மிகக் குறைவு. பெயரைச் சொல்லவும் தயங்குகிறார்கள். கற்பித்தலில் அடிப்படைக் குறைபாடு." நிமிர்ந்து கேட்டாள். "இது யாரப் பத்திங்க?"

தாளைக் குப்புறத் திருப்பி வைத்தேன். "வேற பள்ளிக்கூடம், கண்ணு" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாவங்க அந்தப் புள்ளைங்க" என்றாள்.

கை கழுவிக்கொண்டு ஸ்டெல்லா டீச்சர் வந்தார். ஊசி விஷயத்தைப் பிள்ளைகள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். காலையில் ஜன்னலில் கையை ஆட்டியதும் பெட்டியைக் காட்டத்தானாம். சிரித்துக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"சார், இப்ப பயம் தெளிஞ்சிருச்சு. இன்னொருக்காக் கேட்டுப் பாருங்க. ஜீப்பு இத வச்சுத்தான்னு சொன்னாங்க. அது நின்னுருச்சுன்னா லைன் ஊட்டுப் புள்ளைங்க வராதுங்க. நாலு கிலோமீட்டரு, காட்டெருமை நடமாட்டம் வேற."

பதினாறு பேரையும் மறுபடி கேட்டால் இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. வெற்றுத் தாள் என்னிடம் வேறு இல்லை. இருந்ததை அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும். இவை காரணங்கள் இல்லை என்பது அன்றே எனக்குத் தெரியும்.

"கவலைப்படாதீங்கம்மா. நான் ஆபீஸ்ல சொல்லிக்கறேன்."

"நொம்ப நன்றிங்க சார்."

மூன்று மணி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

மறுநாள் தாள்களை ஒப்படைக்கப் போனேன். வாங்கிக்கொண்ட இளைஞர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "சார், அடித்தல் திருத்தல் இல்லாம வந்தது உங்களது மட்டுந்தான். மத்தவங்களுக்கு மாதிரியா இதத்தான் காட்டப் போறேன்" என்றார். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "முப்பது வருஷப் பழக்கம் தம்பி" என்றேன். பிழை எப்படி நுழையும், எப்படித் தடுக்க வேண்டும் என்று எத்தனை தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அன்று பிழையின்மேலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, ஊசிக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். ஜீப் நின்றுவிட்டது. அறிக்கையை அவருக்கு யாரும் காட்டவில்லை. ஆபீஸில் சொல்கிறேன் என்று நான் சொன்னதை நம்பியிருந்ததால், ஜீப் நின்றது என் கையால் என்று அவர் நினைக்கவே இல்லை.

"சார், நீங்கதான் எங்க புள்ளைங்க படிச்சதக் காதால கேட்டீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா நடக்குங்க. நம்ம மெர்சிய அவங்கம்மா காப்பிக் காட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறாங்க. ஊட்ல தனியா உட முடியாதுன்றாங்க. ரெண்டு நாள் நானே போயிக் கூட்டியாந்தனுங்க. தினமும் முடியலீங்க."

"பார்க்கறேம்மா" என்றேன்.

அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில்கூட 'நான் தவறு செய்தேன்' என்று எழுதவில்லை. 'சூழ்நிலை காரணமாக முடிவுகள் முழுமையாக இல்லாதிருக்க வாய்ப்புண்டு' என்று எழுதினேன். (நன்றாகப் படித்தவன் எழுதும் மன்னிப்புக் கடிதம் இப்படித்தான் இருக்கும்.) அடுத்த மதிப்பீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அந்த மதிப்பீட்டுக்கு ஓர் இளம்பெண் போனாள். பிள்ளைகளோடு காலையில் விளையாடிவிட்டு, பிறகு வாசிக்கச் சொன்னாளாம். பள்ளி தேறியது, ஜீப்பும் திரும்பி வந்தது. நடுவில் மெர்சிக்கு ஒரு வருஷம் போயிருந்தது. அவள் மறுபடியும் நாலாம் வகுப்பிலேயே உட்கார்ந்தாள்.

ஜீப் நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் வந்தது என்று ஸ்டெல்லா டீச்சர் முடிவு செய்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் நாகலூர்ப் பஸ்ஸில் எனக்கு ஒரு பொட்டலம் காபித்தூள் வருகிறது. லைன் வீட்டுப் பெற்றோர் வறுத்து அரைத்துக் கொடுப்பது. வீடே அதைக் குடித்துப் புகழ்கிறது. குடிக்கும்போது, "ஊசி போடப் போனவருக்கு வந்த சீரு" என்று மருமகன் கதையை ஆரம்பிப்பார். நான் குடிப்பதில்லை. டாக்டர் காபி கூடாது என்று சொல்லிவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

இந்த வருஷப் பொட்டலம் போன வாரம் வந்தது. அன்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதன் நகல் ஒன்றை ஸ்டெல்லா டீச்சருக்கு, பொட்டலம் வந்த அதே பஸ்ஸில் அனுப்பப்போகிறேன். இந்தத் தாள்களில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கிறது. அப்படியே போகட்டும்.

அனுப்புவதற்கு முன் சரோஜாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். தாள்களை அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே அந்தக் கதைய ஊட்ல யாரும் சொல்ல வேண்டாம்னு சொல்லிடறன்."

"சொல்லட்டும். முழுசாச் சொல்லட்டும்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். இரண்டு டம்ளர் காபியோடு வந்து, ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"அந்த டாக்டரக் கேட்டுக்கிட்டுக் குடிங்க" என்றாள்.