ஆர்.சி.யில் இல்லாத இறக்கை

ஒரு மனிதன் தன்னுடைய காரைத் தானே விற்க நினைப்பது குற்றமல்ல என்றுதான் நம் நாட்டுச் சட்டம் பொதுவாகச் சொல்கிறது. கடப்பாக்கத்தில் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஜெபசிங்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். சின்ன வயசு, நம்பத்தானே செய்வான்.

ஜெபசிங் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். லண்டனிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய டாக்டர் ஒருவர் கப்பலில் கூடவே கொண்டுவந்த ஜப்பான் கார் ஒன்றை இவன் செகண்ட் ஹாண்டில் வாங்கினான். வாங்கும்போது அது வெள்ளையாக, அடக்கமாக, நான்கு பேர் உட்காரும்படி இருந்தது. இந்தக் குறைகளையெல்லாம் செங்கல்பட்டு மெக்கானிக் சீனுவை வைத்து ஒவ்வொன்றாக நிவர்த்தி செய்தான். வெள்ளை போய்க் கத்திரிக்காய் நிறம் வந்தது. பின்சீட்டு போய் ஸ்பீக்கர் பெட்டி வந்தது. வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினார்கள். டிக்கிமேல் ஓர் இறக்கை வைத்தார்கள், ஒரு குடும்பத்தின் துணியை அதில் காயப்போடலாம். சைலன்சரை மாற்றிய பிறகு வண்டி கிளம்பினால், கடலுக்குப் போனவர்கள் மழை வருகிறதென்று கரைக்குத் திரும்பிவிடுவார்கள்.

தரையோடு இறக்கியதால் வேகத்தடை எதையும் அது தாண்டாது. ஆகவே காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஜெபசிங் ஸ்டாஃப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தான். வேகத்தடை இல்லாத ரோடு எது என்று தேடித் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டினான்.

சிக்கல் குழந்தை ரூபத்தில் வந்தது. அவன் மனைவி பிரிசில்லா பிரசவத்துக்குப் படாளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. ஷாரோன் என்று பெயர். மூன்றாம் மாதம் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துவர ஜெபசிங் பெருமையாகக் காரிலேயே போனான். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்து, அவன் திரும்பிப்போகும்வரை நிறுத்தவில்லையாம்.

பிரிசில்லா காருக்குள் எட்டிப்பார்த்தாள்.

"பின் சீட்டு எங்க? புள்ளைய ஸ்பீக்கர் மேல குந்தவச்சுகினு வரணுமா?"

"மடியில வச்சுக்கலாம் பிரிசி..."

"இந்த வண்டி அந்த வூட்டு வாசல்ல கீற வரைக்கும் நான் வரமாட்டேன். இத்த தொலைச்சுட்டு, பஸ்ல வந்து கூட்டிகினு போ."

அதோடு அவள் கதவைச் சாத்திவிட்டாள். பிள்ளை முதல்முதலாகக் குப்புற விழுந்ததை ஜெபசிங் போனில்தான் பார்த்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. கூட்டுறவு சங்கத்தில் இருபது வருஷம் எழுத்தராக இருந்தவன் நான், ஆபீஸ் பாஷை எனக்கு அத்துப்படி. "கவலைப்படாதடா, நான் கூட வர்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

விளம்பரம் கொடுத்தோம். மார்க்கெட் படுத்துக் கிடந்தது. இப்போதைய நாகரிகம் உயரமான வண்டி. தாவி ஏறி உட்கார்ந்து கீழே உள்ளவர்களைப் பார்க்க வேண்டும். படுத்துக்கொண்டு நுழைகிற வண்டியை யார் வாங்குவார்கள்? ஆனால் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஒருவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மைலேஜ் இன்னா தரும்?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னதும் ஜெபசிங்கின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். ஒருவர் படகு எஞ்சினுக்கு மாற்றாகத் தருவாயா என்றார். மாமல்லபுரத்திலிருந்து ஓர் இளம் ஜோடி போட்டோகிராபரோடு வந்தது. பெண் இறக்கைமேல் ஏறி உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். பையன் பானெட்டில் சாய்ந்து வானத்தைப் பார்த்தான். மூன்று உடை மாற்றினார்கள், எங்கள் வீட்டு பாத்ரூமில். நாஸ்தாவும் சாப்பிட்டார்கள்.

"வண்டி செம்ம, அண்ணாத்த" என்றான் பையன். "கல்யாணம் முடியட்டும், சொல்றோம்."

கடைசியில் புரோக்கர் சின்னையன்தான் உண்மையான ஆள் ஒருவரைக் கொண்டுவந்தார். பெயர் ஜானகிராமன், ஐ.டி. கம்பெனி வேலை. இறக்கையைத் தடவிப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டார்.

"இந்த விங்குக்காகத்தான் சார் வாங்குறேன். ஆனா பேப்பர் மட்டும் சுத்தமா இருக்கணும். என் பேருக்கு மாத்திக் குடுங்க, அன்னைக்கே எடுத்துக்கறேன்."

நானும் ஜெபசிங்கும் ஜானகிராமனும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லமாட்டேன். என் லைசென்ஸ் அடுத்த வருஷம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வாளர் தெய்வநாயகி அம்மா நல்ல மனுஷி. கத்தமாட்டார், விரட்டமாட்டார், உட்காரச் சொல்லித்தான் மறுப்பார். ஆர்.சி.யைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். மறுபடி ஆர்.சி.யைப் பார்த்தார்.

"இதுல வெள்ளைன்னு இருக்கு."

"கலர் மாத்திட்டேன் மேடம்."

"தாராளமா மாத்தலாம். முன்கூட்டியே அனுமதி வாங்கணும். இப்ப விண்ணப்பம் குடுங்க. ஆனா விண்ணப்பிக்கும்போது வண்டி ஆர்.சி.யில உள்ள கலர்ல இருக்கணும்."

"அப்ப வெள்ள அடிச்சுகினு வந்து, கத்திரிக்கா அடிக்க அனுமதி கேக்கணுமா மேடம்?"

"அதுதான் நடைமுறை."

"சரி, இறக்கை?" என்றேன் நான்.

"இறக்கைக்குக் கம்ப்யூட்டர்ல கட்டம் இல்லை சார். கட்டம் இல்லாத ஒண்ணை நான் பார்த்ததா எடுத்துக்க முடியாது."

"பார்க்கலைன்னா விட்டுடலாமே?"

"பார்த்துட்டேனே" என்றார் அம்மா, உண்மையான வருத்தத்தோடு. "எல்லாத்தையும் கழட்டிட்டு, ஆர்.சி.யில உள்ளபடி கொண்டுவாங்க. ஒரு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுடறேன்."

சீனுவின் ஷெட்டில் கார் மறுபடியும் வெள்ளையானது. பின்சீட்டும் பழைய சைலன்சரும் திரும்பி வந்தன. வண்டி நிமிர்ந்து நின்றது. ஜானகிராமன் பார்த்துவிட்டு, "எங்க மேனேஜர் ஓட்டுற வண்டி மாதிரி ஆயிடுச்சே" என்று புலம்பினார். கழற்றிய இறக்கையைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் படுக்கவைத்து, பெயர் மாறிய பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று அவரைச் சமாதானப்படுத்தினேன். யோசனை என்னுடையதுதான்.

தெய்வநாயகி அம்மா வெள்ளைக் காரைப் பார்த்து மனதாரப் பாராட்டினார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"கேமரா போட்ட அபராதம் சிலது பாக்கி இருக்கு. வண்டியை நேர்ல காட்டி முடிச்சுக்கணும்."

"வெளிய நிக்குது மேடம்."

அம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கத்திரிக்காய் நிறத்தில், இறக்கையோடு, கோவளம் பக்கம் பறந்துகொண்டிருந்தது எங்கள் கார்.

"இந்த வண்டி எங்க?"

"அதாங்க இது."

"இதுல இறக்கை இல்லையே."

"நீங்கதான மேடம் கழட்டச் சொன்னீங்க!"

"நான் வாய்மொழியாச் சொன்னேன். கேமரா ஆதாரத்தோட சொல்லுது." அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "ஒரே நம்பர்ல ரெண்டு வண்டி. ஒண்ணு வெளிய நிக்குது. இன்னொண்ணைக் காணோம். போலீஸ்ல புகார் குடுத்துட்டு வந்துடுங்க."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். இதற்கும் ஊர்ப் பெயர் கேட்காதீர்கள். சப் இன்ஸ்பெக்டர் தாவீது புகாரை ஆர்வமாக வாங்கிக்கொண்டார்.

"காணாம போன வண்டி இன்னா கலரு?"

"காணாம போகல சார். வெளிய கீது."

"வெளிய கீறது வெள்ள. புகார்ல கத்திரிக்கா."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு நைனா புகாரு?" என்று கேட்டபடி வெளியே வந்தவர், பின்சீட்டில் போர்வைக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று விலக்கிப் பார்த்தார். இறக்கை கத்திரிக்காய் நிறத்தில் பளபளத்தது. சீனு அதற்கு மட்டும் வெள்ளை அடிக்கவில்லை.

அதன் பிறகு புலன் விசாரணை வேகம் எடுத்தது. காணாமல் போன வாகனத்தின் முக்கிய உறுப்பு ஒன்று சந்தேகத்துக்குரிய வெள்ளை வாகனத்தில் மறைத்துக் கொண்டுசெல்லப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. ஜெபசிங் தன் காரைத் தானே திருடியிருக்கலாம் என்ற கோணத்திலும், தன்னிடமே ஏமாந்திருக்கலாம் என்ற கோணத்திலும் விசாரித்தார்கள். வெள்ளைக் கார் பறிமுதல் செய்யப்பட்டது. இரண்டு வண்டியும் ஒன்றுதானா என்று உறுதிசெய்யச் சீனுவை வரவழைத்தார்கள். அரசுச் செலவில் கத்திரிக்காய் நிறம் அடித்து, இறக்கையை மாட்டி, சைலன்சரை வைத்து, தரையோடு இறக்கிப் பார்த்தார்கள். கேமராப் படத்தோடு அச்சாகப் பொருந்தியது. காணாமல் போன கார் மீட்கப்பட்டுவிட்டது! தாவீது அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் பத்திரிகையில் வந்தது. வாட்ஸ்அப்பில் நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன்.

"இப்ப வண்டிய எடுத்துகினு போலாமா சார்?" என்று ஜெபசிங் கேட்டான்.

"ஆர்.சி.யில உள்ளபடி இருந்தாதாம்பா உரியவங்க கிட்ட ஒப்படைக்க முடியும்" என்றார் தாவீது. "இதுல இறக்கை கீதே."

உரிமையாளர் எதிரிலேயே நின்றும் உரிமை கோர முடியாத வாகனம் என்று அதற்கு ஒரு வகை இருக்கிறதாம். அந்த வகை வண்டிகளை ஏலம்தான் விட வேண்டும். நான் கொதித்துப்போய் மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். ஜெபசிங் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் அண்ணாத்த. வாசல் காலியா கீது பாரு. நான் படாளம் போறேன்."

"டப்பு போயிடுச்சேடா!"

"போவட்டும். புள்ளைக்குப் பல்லு மொளைக்கிறதையும் போன்ல பாக்கச் சொல்றியா?"

அவன் பஸ் பிடித்துப் போய், பஸ்ஸிலேயே மனைவியையும் பிள்ளையையும் கூட்டிவந்தான். பிரிசில்லா வாசலில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். டயர் தடத்தைக் காலால் அழித்துவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் மதில்மேல் மீன் குழம்பு வந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது, கதை இங்கேயே முடிந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

ஏலத்துக்குப் பெருங்கூட்டம். படுத்துக் கிடந்த மார்க்கெட் எழுந்து உட்கார்ந்துவிட்டது. மைலேஜ் கேட்டவர் வந்திருந்தார். படகு எஞ்சின்காரர் வந்திருந்தார். போட்டோ ஜோடி கல்யாணம் முடிந்து மாலையும் கழுத்துமாக வந்திருந்தது. வாசலில் சும்மா நின்றபோது வேண்டாத வண்டி, போலீஸ் பிடித்த வண்டி என்றதும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. கடைசியில் ஜெபசிங் கேட்டதைவிட ஒன்றரை மடங்கு கொடுத்து ஜானகிராமன் எடுத்தார். ஏலத் தாளில் 'கத்திரிக்காய் நிறம், இறக்கை ஒன்று, நல்ல நிலையில்' என்று முத்திரையோடு எழுதித் தந்தார்கள். தெய்வநாயகி அம்மா அதைப் பார்த்து, சொன்னபடி ஒரே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கட்டம் இல்லைன்னீங்களே மேடம்?"

"இது அரசாங்கமே குடுத்த இறக்கை சார். 'இதர விவரங்கள்'ல போட்டுட்டேன்."

செய்தி பரவியது. மாற்றியமைத்த வண்டிக்குச் சட்டப்படி அங்கீகாரம் வேண்டுமானால், அரசாங்கம் அதைப் பிடித்து ஏலம் விட்டு, நம் ஆளே ஏலத்தில் எடுத்தால் போதும் என்று மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுவாரமே காவல் நிலைய வாசலில் வண்டிகள் வரிசைகட்டின. "சார், என் வண்டியையும் புடிச்சுகினு போங்க சார்" என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். தாவீதுக்குப் பேஜாராகிவிட்டது. ஓர் அறிவிப்பு ஒட்டினார். வாகனத்தைப் பறிமுதல் செய்வித்துக்கொள்ள விரும்புவோர், வாகனம் ஆர்.சி.யில் உள்ளபடி மாற்றம் ஏதுமின்றி இருக்கிறது என்று போக்குவரத்து அலுவலகத்தில் சான்று பெற்றுவர வேண்டும்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் கார் பதினோரு வருஷத்துக் கார். வாங்கியபடியே வெள்ளை, வாங்கியபடியே ஐந்து சீட்டு. அதை விற்றுவிட்டு நானும் உயரமான வண்டி ஒன்று வாங்கலாமென்று பெயர் மாற்றத்துக்குக் கொண்டுபோனேன்.

தெய்வநாயகி அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"முன்னாடி என்ன சார் அது?"

"பம்பர் கார்டு மேடம். எல்லா வண்டியிலயும் இருக்குமே."

"எந்த ஆர்.சி.யிலயும் இருக்காதே" என்றார், உட்காரச் சொல்லிவிட்டு. "கழட்டிட்டு வாங்க. ஆனா அஞ்சாறு தடவை கேமராவுல விழுந்திருக்கு பாருங்க, கார்டோட."

இப்போது நான், கார்டோடு 'காணாமல் போன' என் காருக்குப் புகார் கொடுக்கக் காவல் நிலைய வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஓர் அரசாங்க ஜீப். முகப்பில் என்னுடையதைவிடப் பெரிய பம்பர் கார்டு. டிரைவரிடம் எந்த ஆபீஸ் ஜீப் என்று கேட்டேன்.

"நம்ம தெய்வநாயகி அம்மாவோடதுதான் சார். பழசாயிடுச்சு, கழிச்சுக் கட்டலாம்னு அம்மாவே ஃபைல் போட்டாங்க. ஆர்.சி.யில உள்ளபடி இல்லைன்னு அம்மாவே திருப்பி அனுப்பிட்டாங்க."

வரிசை மெல்லத்தான் நகர்கிறது. புளியமரம் வரைக்கும் நிழல் இருக்கிறது, அதைத் தாண்டினால் வெயில். உங்கள் வண்டி முகப்பையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். வருவதென்றால் காலையிலேயே வாருங்கள்.