என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திய உங்கள் பெண்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பதாக உங்கள் பெண் சொன்னாள். இந்த மூன்று வருடங்களில் அவளைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது வருகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவள் வேலை பார்ப்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் மேம்பாட்டு மையத்தில் என்பது உங்களுக்குத் தெரியும். நூலகத்தின் நாலாவது மாடி. அங்கே நாற்காலிகளுக்குச் சக்கரம் உண்டு, சுவரில் எழுதலாம், ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருடங்களாக இரண்டாம் ஆண்டுக்கு வெப்ப இயக்கவியல் நடத்தும் நான், லிஃப்ட் சரியில்லை என்று சொல்லியே அந்த மாடிக்கு ஏறாமல் காலத்தை ஓட்டிவந்தேன். இந்த வருடம் மாணவர்கள் எனக்குப் போட்ட மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று புள்ளி எட்டு. துறைத் தலைவர் கூப்பிட்டு, மையத்துக்குப் போய்த் திருந்தி வாருங்கள், இல்லாவிட்டால் அந்த வகுப்பைப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அது போனால் எனக்கு மிஞ்சுவது ஆய்வகச் சாவி ஒன்றுதான். மையத்தில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் பிரசவ விடுப்பு. இன்னொருவர் என் பழைய மாணவர். நான் வருகிறேன் என்று கேட்டதும் அவரும் விடுப்பு. மிச்சம் உங்கள் பெண்.

போன புதன்கிழமை பாதி வகுப்பில் வந்தாள். காலையில் என் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்த அதே பெண், நாற்பத்தொரு பேர் முன்னால், பேராசிரியர் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும் என்றாள். மாணவர்களிடம் தனியாகக் கருத்துக் கேட்பது அவர்கள் முறையாம். ஆசிரியர் உள்ளே இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்களாம். கதவைச் சாத்தினாள். நான் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் நின்றேன். தாழ்வாரம் துடைத்துக்கொண்டிருந்த அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன சார், நீங்க பசங்கள நிக்க வெக்கிற எடத்துல உங்களையே நிக்க வெச்சிட்டாங்களா?"

அதற்குள் தாமதமாக வந்த மாணவன் ஒருவன் என்னையும் தன் கட்சி என்று எண்ணிக்கொண்டு பக்கத்தில் வந்து கைகட்டி நின்றான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் வகுப்பில் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அன்றே சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று விசாரித்தேன். இதையெல்லாம் வீட்டில் பேசக்கூடாதாம்; திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். என் மகன் தட்டை விட்டு நிமிரவே இல்லை. அவன் யார் பக்கம் என்று இன்றுவரை தெரியாது. என் மனைவி மட்டும், "நாப்பத்தோரு பேர் சொன்னதக் கேக்க ஆபீசுக்குப் போகணுமா? முப்பது வருஷமா நான் ஒருத்தி சொல்றேனே" என்றாள்.

திங்கட்கிழமை இருவரும் ஒரே காரில் போனோம். வழி நெடுக வெயிலைப் பற்றிப் பேசினாள். போய்ச் சேர்ந்ததும் என்னைப் பத்து நிமிடம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். பிறகு விவரம் வந்தது. நான் பலகையைப் பார்த்தே பேசுகிறேனாம். தூங்காமல் கேட்பது அது ஒன்றுதான் என்றேன், அதையும் எழுதிக்கொண்டாள். கேள்வியையும் கேட்டுவிட்டுப் பதிலையும் நானே சொல்லிவிடுகிறேனாம்.

"கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க மாமா. யாராவது பேசுவாங்க."

மறுநாள் எண்ணினேன். பலகையில் இருப்பதில் சந்தேகம் உண்டா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நாலு எண்ணும்போது பேனாக்கள் நின்றன. ஆறில் முன்வரிசை மாணவன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். நெஞ்சுவலி என்று நினைத்தானாம். ஒன்பதில், ஒரு வருடமாக வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"சார், மூணாவது வரில கூட்டல் வராது, கழித்தல். ஏழாவது வரில இன்னொரு தப்பு பண்றீங்க, அது இதச் சரிக்கட்டிடுது. அதான் விடை மட்டும் சரியா வருது."

திரும்பிப் பார்த்தேன். வாஸ்தவம். இருபத்திரண்டு வருடங்களாக அதே குறிப்பு. ஆயிரம் பேராவது எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த நடு வரிகளை நம்பிக் கட்டிய கொதிகலன் எதுவும் வெடித்ததாகத் தகவல் இல்லை. அப்படியானால் நான் நடத்தியதை ஒருத்தரும் எதற்கும் பயன்படுத்தவில்லை என்றுதானே அர்த்தம்?

இது இனி தலைவர் காதுக்குப் போகாமல் இருக்காது. வெள்ளிக்கிழமை காலை முடிவு சொல்லப்போகிறார். நான் தேறிவிட்டதாக ஒரு வரி எழுதிக் கொடும்மா என்று உங்கள் பெண்ணிடம் கெஞ்சியும் பார்த்தேன். "நாங்க மார்க் போடற எடம் இல்ல மாமா" என்று முடித்துவிட்டாள். பத்து எண்ணச் சொன்னது அவள், மாட்டிக்கொண்டது நான். நீங்கள் பெற்ற தகப்பனார். ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரி போதும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
இன்னும் பேராசிரியராக இருக்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: வெள்ளி மதியம் எழுதுகிறேன். ஊரார் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவோம் என்று தலைவரிடம் பிழையைக் காட்டினேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவரும் என்னிடம் படித்தவர்தான். அன்று எழுதிக்கொண்டதை ஒரு வரி மாற்றாமல் தன் பாடநூலில் நாற்பத்தாறாம் பக்கத்தில் போட்டிருக்கிறார்; மூன்று பதிப்பு வந்துவிட்டது. "வகுப்ப நீங்களே வெச்சுக்குங்க சார்" என்றார். "புதுசா வந்தவர்கிட்ட குடுத்தா மொதல்ல என் புத்தகத்தத்தான் திறப்பாரு." ஆகவே ஓய்வு பெறும்வரை வகுப்பு என்னுடையது. மேலே உங்கள் பெண்ணைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். போன் வேண்டாம். தபால்தலை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன்.