முட்டிக்காரர் பஸ்

கப்பலில் ஏறிய நாளிலிருந்து என் கண் ஒரே ஒரு நாற்காலி மேல்தான். மேல்தளத்தில், நீச்சல்குளத்தை ஒட்டி, நிழலில் கிடக்கும் சாய்வு நாற்காலி. எப்போது போனாலும் எவனாவது அதில் துண்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான்.

நாளை கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும். எல்லாரும் இறங்கிப் பழங்கால இடிபாடு பார்க்கப் போவார்கள். கப்பல் காலி. நாற்காலியும் காலி. ஆனால் என் மனைவி அந்தச் சுற்றுலாவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். ஆகவே முதல் நாள் சாயங்காலமே எனக்கு முட்டி வலிக்க ஆரம்பித்தது.

“என்னங்க ஆச்சு?”

“முட்டி. பிடிச்சு இழுக்குது. நாளைக்கு நீ மட்டும் போயிட்டு வா. என்னைப் பத்திக் கவலைப்படாதே.”

“எந்தக் கால்?”

காலையில் எதை நொண்டுவது என்று மறந்து தொலைத்தால்?

“ரெண்டும்” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கே என் மேல் பரிதாபம் வந்தது. நேரே சுற்றுலா மேசைக்குப் போனவள், திரும்பி வந்து என் சட்டையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

“மெதுவா நடக்கறவங்களுக்குத் தனி பஸ் இருக்காம். இடிபாட்டைப் பார்க்காம நீங்க ஏங்கிப் போயிடக் கூடாது.”

“நான் ஏங்கலையே!”

“எங்கிட்டயே மறைக்கிறீங்களா? உங்க மனசு எனக்குத் தெரியாதா?”

“அப்ப நீயும் இந்த பஸ்தானே?”

“எனக்கென்ன, முட்டி வலியா? நான் மலை ஏறுற கோஷ்டி. எங்க பஸ் அப்புறம்தான் கிளம்பும்.”

காலையில் மேல்தளத்தில் நின்று எனக்குக் கையாட்டினாள்.

எங்கள் பஸ்ஸில் நான்தான் சின்னப் பையன். வழிகாட்டிக்கு ஒரே குஷி. ஓடிப்போக முடியாத ஆட்கள் அவருக்கு வேறு எங்கே கிடைப்பார்கள்? உடைந்த தூண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம். கூரையில்லாத அரண்மனையில் நிழல் என்றால் அவர் பிடித்திருந்த குடைதான், அதுவும் அவர் தலைக்கு. ஒரு கல்லைக் காட்டி, “இங்கதான் ராஜா மத்தியானம் சாஞ்சு படுப்பார்” என்றார். நான் அந்தக் கல்லை ஏக்கத்தோடு தடவிப் பார்த்தேன்.

மறந்துபோய் நாலடி நேராக நடந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. உடனே நொண்டினேன். கைத்தடி ஊன்றி வந்த அம்மாள் தடியை என்னிடமே நீட்டினார்.

“நீ வெச்சுக்கோ தம்பி. எனக்கு ஒரு முட்டிதான்.”

சாயங்காலம் தட்டுத் தடுமாறி மேல்தளத்துக்கு வந்தேன். என் நாற்காலியில் என் மனைவி. முகத்தில் நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவு.

“நீ மலை ஏறலையா?”

“பஸ் படியில காலை வெச்சேன், தலை சுத்துச்சு. இறங்கிட்டேன். கப்பல்ல ஒரு ஈ காக்கா இல்லைங்க. அப்பப்பா, என்ன அமைதி!”

“எனக்கு இப்ப நிஜமாவே முட்டி வலிக்குது” என்றேன், அழாத குறையாக.

“தெரியும். அதான் நாளைக்கு வர்ற இடிபாட்டுக்கும் அதே பஸ்ல உங்களுக்கு முன் சீட் சொல்லி வெச்சுட்டேன்.”