கமாண்டருக்கு ஒரு ரோஜா மாலை

பெண் வீட்டார் வீடு பார்க்க வரும் நாளில் மாப்பிள்ளைப் பையன் என்னென்ன செய்யக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால், நகம் கடிக்காதே, லுங்கியோடு நிற்காதே என்பதற்கெல்லாம் மேலே, விண்வெளிப் போருக்குப் போகாதே என்று ஒரு வரி இருந்திருக்கும். நான் போனேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. (கேட்க மதிப்பாக இருக்கும். மாத்திரையில் தூசு ஒட்டியிருக்கிறதா என்று நாள் முழுவதும் பார்ப்பதுதான் அது.)

பவித்ரா ஜீவனஹள்ளிப் பெண். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. பெண் பார்த்த பிறகு ஒன்றரை மாதம் போனில் பேசியதில் நான் முழுவதுமாக விழுந்துவிட்டேன். சிரிப்பு வந்தால் அவள் பேச்சை நிறுத்த மாட்டாள், இரண்டையும் சேர்த்தே செய்வாள். பாதி புரியாது. புரியாத பாதிக்காகவே மறுநாளும் போன் செய்வேன். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் அப்பாவும் அம்மாவும் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். திருப்தி என்றால் தாம்பூலத் தட்டை வைத்து நிச்சயத்துக்கு நாள் குறிப்பார்கள். திருப்தி இல்லை என்றால், ஓசூரில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒரு பையனின் ஜாதகம் அவர்கள் வீட்டு பீரோவில் தயாராக இருந்தது. இதைப் பவித்ராவே என்னிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டு குடும்பமும் கோலார் தங்கவயல்தான். என் அப்பா அங்கே சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். பவித்ராவின் அப்பா பூமிக்கு அடியில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவர் பேசாமல் என்னைப் பார்த்தபோதெல்லாம் நானே எதையாவது உளறி அந்த இடைவெளியை நிரப்புவேன்.

இனி அந்த விண்வெளிப் போருக்கு, அதாவது கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு வருகிறேன். சும்மா சுட்டுத் தள்ளும் ரகம் இல்லை, கதை உண்டு. எங்கோ தொலைவில் ஒரு போர். நான் ஒரு சின்னப் போர் விமானத்தின் விமானி. என் காதுக்குள் எப்போதும் ஒரு குரல் பேசிக்கொண்டிருக்கும். அதுதான் கமாண்டர். நரைத்த தாடி, நிதானமான ஆங்கிலம். முதல் நாள் நான் கிளம்பிய வேகத்தில் நம் விண்கப்பலின் சுவரிலேயே போய் மோதினேன். அவர் திட்டவில்லை. பரவாயில்லை, மறுபடி கிளம்பு என்றார். என் கம்பெனியில் எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படிப் பேசியது கிடையாது. ஆறு வாரத்தில் நான் அவருடைய ஆளாகிவிட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் பதில் சொல்வேன். என் பதில் அவருக்குக் கேட்காது என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குளித்து, முடி வாரி, இரண்டு மணிக்கே தயாராகிவிட்டேன். சட்டை கசங்கக் கூடாது என்று அதைக் கதவில் மாட்டிவிட்டு, பனியனோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஒரு மிஷன், அதாவது கமாண்டர் கொடுக்கும் ஒரு வேலை, முடிய இருபது நிமிடம். எப்படியும் சில்க் போர்டு சிக்னல் அவர்களை முக்கால் மணி நேரம் பிடித்து வைக்கும். நாலரைக்கு முன்னால் யாரும் வரப்போவதில்லை. பெங்களூரில் திட்டம் போடும் எல்லோரும் போடும் கணக்குதான் இது.

அந்த மிஷனில் கமாண்டர் செத்துப்போனார்.

எதிரியின் தளத்தில் நம் ஆட்கள் பதினோரு பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் வெளியேறும் வரை ஒரு பெரிய இரும்புக் கதவை யாராவது உள்ளே நின்று திறந்து பிடிக்க வேண்டும். அவர் பிடித்தார். பதினோரு பேரும் வந்தார்கள். அவர் வரவில்லை. நான்தான் மெதுவாகப் போய்விட்டேன், என் தப்புதான் என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் செத்தார். மூன்றாவது தடவை எதிரிகள் ஒருவரையும் விடாமல் சுட்டு முடித்துவிட்டுக் கதவுக்கு நேராகப் பறந்து போய் நின்றேன். ஹெட்போனுக்குள் நான் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. "விடுங்க கமாண்டர், வெளிய வாங்க, நான் இருக்கேன்ல." அவர் என் பெயரைச் சொன்னார். (விளையாட்டின் ஆரம்பத்தில் நான் பதிந்து வைத்த பெயர்தான். ஆனாலும்.) நன்றாகப் பறந்தாய் என்றார். கதவு மூடியது. கதையை எழுதியவனே அவரைச் சாகடிப்பது என்று முடிவு செய்துவிட்டான், நான் எத்தனை தடவை போனாலும் ஒன்றும் ஆகாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழுதேன். கண் கலங்குவதோடு நிற்கவில்லை, மூக்கு ஒழுக அழுதேன்.

தண்ணீர் குடிக்கலாம் என்று கதவைத் திறந்தால், ஹாலில் பவித்ராவின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சில்க் போர்டு காலியாக இருந்திருக்கிறது. மூன்றே காலுக்கே வந்துவிட்டார்கள். என் அப்பா மைசூர்பாக் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மா அவர்களை உட்கார வைத்து, என்னை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து, உடை மாற்றுகிறான் போல என்று எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பிவிட்டாள். என் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது பிளைவுட் தடுப்பு. நான் கத்தியதெல்லாம் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. இப்போது பனியனும் சிவந்த கண்ணுமாக நானே எதிரில் நிற்கிறேன். பவித்ராவின் அம்மாவின் மடியில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழத்தோடு தட்டு.

"இன்னா தம்பி, இன்னா ஆச்சு?" என்றார் அவள் அப்பா.

"ஒண்ணும் இல்ல மாமா. ஒருத்தர் போயிட்டாரு. இப்பதான்."

அடுத்து சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குத் தயாராக இருந்தது. நிஜ ஆள் இல்லை மாமா, கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிறவர் என்பதுதான் அது. அதைச் சொல்லியிருந்தால் மானம் போயிருக்கும், விஷயம் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக, "ரொம்ப நல்லவரு" என்று வாய் சொன்னது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நாற்காலிகள் காலி. தண்ணீர்த் தம்ளர்கள் தொடாமல் அப்படியே இருந்தன. அம்மா போண்டாத் தட்டோடு வந்தாள்.

"எங்கடா அவங்க?"

"போயிட்டாங்க போலம்மா."

"போயிட்டு வர்றோம்னு சொன்னாங்களா?"

"இல்ல."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நம் வீடுகளில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது இரண்டே சமயத்தில்தான். உறவை முறித்துக்கொள்ளும்போது, இல்லையென்றால் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது. அம்மா முதலாவது என்று நினைத்தாள். இரண்டாவது என்பது எனக்கு மட்டும் உறைத்தது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் சாவு என்று காதில் விழுந்தால் யார், எப்படி என்று துருவ மாட்டார்கள். எழுந்து ஆக வேண்டியதைப் பார்ப்பார்கள், விவரமெல்லாம் பிறகுதான். என் அப்பாவும் அப்படித்தான். ஆனால் கடையிலிருந்து வந்து, அவர்களிடம் நான் உளறியதைக் கேட்டதும் என்னிடம் மட்டும் துருவினார்.

"செத்தது யாருடா?"

"கம்ப்யூட்டர்ல ஒருத்தர்பா."

"அவருக்கு நீ இன்னா வேணும்?"

"அவர் கீழ வேலை செய்யறேன்."

அப்பா பவித்ராவின் அப்பாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. நான் பவித்ராவுக்குப் போட்டேன். அவளுக்கு அன்று ஷிப்ட், போன் லாக்கரில் இருக்கும். செய்தி அனுப்பலாம் என்று பத்து முறை எழுதிப் பத்து முறையும் அழித்தேன். எங்கே ஆரம்பித்தாலும் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் ஒருவன் எழுதியது போல வரவில்லை. ஓசூர்ப் பையன் இப்படியெல்லாம் செய்ய மாட்டான் என்று தோன்றியது. செத்தது யார் என்று தெரிந்த பிறகு எந்த அப்பாவும் பெண் கொடுக்க மாட்டார் என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அவளை இழந்துவிட்டேன், அதுவும் இந்தக் காரணத்துக்காக, இதை வெளியே சொல்லி அழக்கூட முடியாது என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணி வாக்கில் காலிங்பெல் அடித்தது. அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மாலை எடுத்துட்டு வந்திருக்காங்க" என்றார், குரலே எழும்பாமல்.

அதற்கடுத்த அரை நிமிடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததற்கு இன்றுவரை யாரிடமும் விளக்கம் இல்லை. அம்மா அடுப்பை அணைத்து, போண்டாத் தட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளினாள். அப்பா மைசூர்பாக் டப்பாவை சோபாவுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டார். மாலையோடு ஒருவர் வாசலில் நிற்கும்போது வீட்டில் பலகாரம் இருப்பது மரியாதை இல்லை என்று அவர்கள் கைகாலே முடிவு செய்திருக்க வேண்டும். கதவைத் திறந்தபோது நாங்கள் மூன்று பேரும் அச்சு அசலாக ஒரு சாவு வீடாக இருந்தோம்.

பவித்ராவின் அம்மா நேராக வந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுப்பு பத்த வெச்சிருக்க மாட்டீங்க. இட்லி கொண்டாந்திருக்கேன். மொதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க." என் அம்மா மறுபேச்சு பேசாமல் குடித்தாள்.

அவள் அப்பா என் அப்பாவிடம் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க. தாம்பூலத் தட்ட வெச்சுக்கிட்டு சாவு வீட்ல உக்காரக் கூடாது. அதான் இங்கயே என் தங்கச்சி வீட்ல தட்ட வெச்சுட்டு வந்தோம்." பிறகு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து மாலையை எடுத்தார். நல்ல கனமான ரோஜா மாலை. "எங்க வெச்சிருக்கீங்க?"

அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. "உள்ள வாங்க மாமா" என்றேன்.

கம்ப்யூட்டரை நான் விட்ட இடத்திலேயே விட்டிருந்தேன். திரையில், கப்பலின் உள்சுவரில் அஞ்சலிக்காக மாட்டிய கமாண்டரின் படம், கீழே ஒரு சின்ன வெளிச்சம், மெதுவான இசை. நான் ஒரு பட்டனை அழுத்தும் வரை அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பவித்ராவின் அப்பா மாலையை இரண்டு கையிலும் பிடித்தபடி மானிட்டர் முன்னால் நின்றார்.

"இவரா?"

"இவர்தான் மாமா."

அவர் பேசவில்லை. இந்த முறை இடைவெளியை நிரப்ப எனக்கு எந்த உளறலும் கிடைக்கவில்லை. மாலையை என் மூஞ்சியில் வீசப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்டி போனாரு?"

சொன்னேன். தளம், கதவு, பதினோரு பேர் எல்லாவற்றையும்.

"அந்தக் கதவ வெளிய இருந்து புடிக்க முடியாதா?"

"முடியாது மாமா. உள்ள நின்னுதான் புடிக்கணும்."

"பதினொண்ணு பேரும் ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க."

"நீ எங்க இருந்த?" அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளிய. விமானத்துல."

"திரும்பிப் போய்ப் பாத்தியா?"

"மூணு வாட்டி போனேன் மாமா. மூணு வாட்டியும் செத்துட்டாரு."

அவர் வாசலில் நின்றிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "மூணு வாட்டி போயிருக்கான்" என்றார். சுரங்கத்தில் பாறை சரிந்த பிறகு உள்ளே திரும்பிப் போன ஆட்களின் பெயர்களை அவர் இன்னமும் வரிசையாகச் சொல்வார் என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மனிதர் என்னைத் திட்டவில்லை என்பதுதான். எழுந்தார். "சாவுக்குன்னு எடுத்த மாலைய வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போகக் கூடாது" என்று சொல்லி, அதை என் மானிட்டருக்குப் போட்டார். இரண்டு பக்கமும் சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்து, ஒரு பக்கம் இழுத்தும் விட்டார்.

முதலில் சிரித்தது பவித்ராவின் அம்மா. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என் அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து போண்டாவை எடுத்து வந்தாள். சாவு வீட்டு இட்லியும் சம்பந்தி வீட்டு போண்டாவும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

தாம்பூலத் தட்டு மட்டும் அன்று வைக்கவில்லை. மாலை போட்ட வீட்டில் உடனே வெற்றிலை மாற்றக்கூடாது என்று பவித்ராவின் அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். பதினாறு நாள் போகட்டும் என்றார். ஆக, ஒருநாளும் உயிரோடு இருந்திராத ஒரு மனிதருக்காக இரண்டு குடும்பம் பதினாறு நாள் துக்கம் காத்தது. கீழ் வீட்டு ஓனரம்மா, மாலை மாடிக்குப் போனதைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் எல்லோரும் குளிக்க வேண்டுமே என்று அன்று தண்ணீர் மோட்டாரை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டார். யார் இறந்தது என்று கன்னடத்தில் என்னிடம் கேட்டார். தூரத்துச் சொந்தம் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பவித்ரா ஷிப்ட் முடிந்து கூப்பிட்டாள். "லாக்கரத் தொறந்ததும் உங்க வீட்ல சாவுன்னு அம்மா மெசேஜ் பாத்தேன். நான் லேப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம் போன் பண்ணாதான் அம்மா விஷயத்தையே சொல்றாங்க. இப்ப இன்னா சொல்றது அவங்களுக்கு?" சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மீதி எனக்குப் புரியவில்லை. போனைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பதினேழாம் நாள் தட்டோடு வந்தார்கள். இப்போது கல்யாணமாகி நான்கு வருடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் ஜீவனஹள்ளியிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் போன் செய்வார். நலம் விசாரிக்க மாட்டார். ஒரே ஒரு கேள்விதான். "மாப்ள, கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கீங்களா? சொல்லிடுங்க. சாப்பிட வரட்டுமா, சாப்பாடு எடுத்துட்டு வரட்டுமா?"