லுகாவாவில் பெய்யாத மழை

மற்ற ஊர்களில் மேகம் கறுக்கும், மழை பெய்யும், மக்கள் நனைவார்கள். எங்கள் லுகாவா மாவட்டத்தில் மக்கள் நனைந்தது மட்டும் போதாது. பெய்தது மழைதானா என்பதைக் கட்சியின் மாவட்டக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும்.

1986ஆம் வருடம் மே தினத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தெற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பிவந்தது; ஊர்மேல் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. தேங்கிய குட்டைகளின் ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. தெற்கே அணு உலை வெடித்த சேதி அதற்குள் ஊர் முழுக்கக் கிசுகிசுப்பாகப் பரவியிருந்தது.

மாலையில் மாவட்டச் செயலாளர் தோழர் கந்த்ராத் பிலிப்பவிச்சுக்கு மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. உலைத் தூசி காற்றோடு உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. மழை பெய்யாத ஊரைத் தாண்டிப் போய்விடும். பெய்த ஊரில் மழையோடு இறங்கிப் புல்லில் ஒட்டும், புல்லிலிருந்து மாட்டுக்கும் மாட்டிலிருந்து பாலுக்கும் போகும். ஆகவே மழை பெய்த ஊர்களில் மே தின ஊர்வலம் கிடையாது, மேய்ச்சல் கிடையாது, குழந்தைகளுக்கு அந்தப் பாலும் கிடையாது.

கந்த்ராத் யோசித்தார். பால் உற்பத்தியில் முதலிடத்துக்கான பரிசுச் செங்கொடி அந்த வருடம் எங்கள் மாவட்டத்துக்கு வருவதாக இருந்தது. மாவட்டத்தின் வானிலையைக் குறித்துவைக்கும் ஹிபாலித்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"மழை பெய்யலைன்னா தூசி எறங்காது. சரிதானே?"

"சரிதான் தோழர்."

"தூசி எறங்கினா கொடி போயிடும். கொடி போகக் கூடாது. அதனால மழை பெய்யலை. இதுல எங்கயாவது ஓட்டை இருக்கா?"

"ஓட்டையே இல்ல தோழர். ஆனா நான் நனைஞ்சு நிக்கிறேனே?"

"வேர்வையா இருக்கும்."

"தொப்பியிலேருந்து சொட்டுதே தோழர்?"

"பயந்தவனுக்கு எங்கேருந்து வேணா சொட்டும்."

"அப்ப தெருவுல நிக்கிற தண்ணிக்கு என்ன பேரு வைக்கிறது?"

இந்த இடத்தில்தான் எங்கள் செயலாளரின் மேதைமை வெளிப்பட்டது. எங்கள் பக்கத்தில் வசந்தத்தில் புனித யூரி திருநாள் வரும். அன்று விடியலில் புல்லில் நிற்கும் பனித்துளி சகல நோய்க்கும் மருந்து. மாடுகளை முதன்முதலாக அதில்தான் மேய விடுவோம். பிள்ளைகளின் முகத்தை அதில்தான் கழுவுவோம். இது மூடநம்பிக்கை என்று மன்றத்தில் வருடாவருடம் தொண்டை கிழியப் பேசி வந்தவர் கந்த்ராத்தான். மறுநாள் காலை கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது:

"மாவட்ட எல்லைக்குள் காணப்படும் ஈரம் யாவும், வானிலிருந்து விழுந்ததாக எவருக்கேனும் ஐயம் எழினும், யூரியின் பனித்துளியே எனக் கொள்ளப்படும். மக்களின் உற்சாகத்தை முன்னிட்டு இத்திருநாள் இவ்வாண்டு ஒரு வாரம் முன்னதாகக் கொண்டாடப்படுகிறது. குடையுடன் காணப்படுவோர் அக்குடைக்குத் தக்க விளக்கம் அளிக்க வேண்டும்."

கடவுளே இல்லை என்றவர், கடவுளின் ஆளுக்கே தேதி மாற்றிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கோ ஏக சந்தோஷம். குடைகளைப் பரணில் போட்டுவிட்டு மாடுகளை அவிழ்த்தோம்.

பக்கத்து வீட்டு யத்விகா மட்டும் அவிழ்க்கவில்லை. அவளுடைய நாலு வயது மகள் ஸ்தாஸ்யா, மாலினா என்ற தங்கள் பசுவின் பாலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டாள். யத்விகா கொட்டிலைப் பூட்டி, போன வருடத்துக் காய்ந்த புல்லைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன யத்விகா, காய்ச்சல் மாட்டுக்கா உனக்கா?" என்று வேலிமேல் சாய்ந்து கிண்டலடித்தான் ஹிபாலித்.

"பனி கீழேருந்துதான்டா பூக்கும். இது என் மண்டையில விழுந்துச்சு. உன் மண்டையிலயும்தான் விழுந்துச்சு."

ஹிபாலித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தான். அன்று மத்தியானமே கந்த்ராத் ஒரு கூட்டத்தோடு வந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி எமிலியா, இடுப்பில் பேரன். பையனின் முகம் பளபளவென்றிருந்தது.

"பாரும்மா, என் பேரனுக்கே காலையில பனியில முகம் கழுவிட்டோம். நீ ஒருத்தி மாட்டைப் பூட்டி வச்சா ஊரே பயப்படாதா? கொடி என்னாகிறது?"

"கொடியையா என் பொண்ணு குடிக்கப்போறா?" என்றாள் யத்விகா.

கேள்வி குறிப்பில் சேர்க்கப்படவில்லை. பூட்டை உடைத்தார்கள். கயிற்றைப் பிடித்து இழுக்க ஆள் போதவில்லை என்று அக்கம்பக்கத்தார் எல்லாரும் கை கொடுத்தோம். மாலினாவுக்கு மாவட்டக் குழு சொல்வதும் புரியாது, யத்விகா அழுவதும் புரியாது. பச்சையைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டது.

ஊர்வலம் நடந்தது. கொடியும் வந்தது. இலையுதிர் காலத்தில் கதிர்வீச்சை அளக்கும் ஒரு கருவியும் வந்தது; எங்கள் புல்வெளியில் வைத்ததும் கடகடவென்று கத்தித் தீர்த்தது. அதைப் பிடித்திருந்த அதிகாரி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

பிறகு, மழை பெய்த மாவட்டங்களின் குழந்தைகளுக்குத் தூர தேசத்து டப்பாப் பால் கொடுப்பதாகச் சேதி வந்தது. பெருநகரத்துக்கு ஓடி, கிடங்கு வாசலில் வரிசையில் நின்றோம். முதல் ஆளாக, பேரனைத் தூக்கிக்கொண்டு கந்த்ராத்!

"எந்த மாவட்டம்?" என்றார் ஜன்னலில் இருந்தவர்.

"லுகாவா."

"அங்க மழையே பெய்யலையே. நீங்கதானே சொன்னீங்க?"

"பெஞ்சுது தோழர், சத்தியமா பெஞ்சுது! நானே தொப்பலா நனைஞ்சேன்!"

"வேர்வையா இருக்கும்," என்றார் அவர்.

ஹிபாலித்தான் முதலில் சிரித்தான். பிறகு வரிசை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்படி ஒரு சிரிப்பு அந்த வருடம் நாங்கள் சிரித்ததே இல்லை. யத்விகா மட்டும் சிரிக்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"அடுத்தது? எந்த மாவட்டம்?" என்றார் ஜன்னல்காரர்.

"லுகாவா," என்றான் ஹிபாலித்.

"நீங்க?"

"லுகாவா."

ஜன்னல் மூடிக்கொண்டது. தெற்கிலிருந்து காற்று எழும்பி, தூறல் போட ஆரம்பித்தது. ஒருவரிடமும் குடை இல்லை. யத்விகா தலைத்துணியை அவிழ்த்து ஸ்தாஸ்யாவின் தலையில் போட்டாள்.

"அம்மா, பசிக்குது. வீட்டுக்குப் போய் மாலினா பால் குடிக்கலாமா?" என்றாள் குழந்தை.